மண் கோவில் சிமயோ: சேலத்திலிருந்து பிள்ளைகளைப் பார்க்க அமெரிக்கா போகிறவர்களுக்கு

பிள்ளைகளைப் பார்க்க அமெரிக்கா போகிற நம் சேலத்துக்காரர்கள் நயாகரா, நியூயார்க், லாஸ் வேகாஸ், கிராண்ட் கேன்யன் என்று ஒரு சுற்று சுற்றிவிட்டு ஊருக்கு வந்துவிடுகிறார்கள். போன இடமெல்லாம் பெரிசு பெரிசாக இருந்தது என்பார்கள், அதற்கு மேல் சொல்ல ஒன்றும் இருக்காது. என் பேச்சைக் கேட்டால் இரண்டு நாளை நியூ மெக்சிகோ மாநிலத்துக்கு ஒதுக்குங்கள், அதில் ஒரு முழு நாளைச் சிமயோ என்கிற சின்ன ஊருக்குக் கொடுங்கள். சாண்டா ஃபே நகரத்துக்கு வடக்கே, மலைகளுக்கு அடியில் ஒரு பள்ளத்தாக்கில் இருக்கிற ஊர் அது. ஊர் என்றால் கடைத்தெரு, பஸ் ஸ்டாண்டு என்று எதையும் எதிர்பார்க்காதீர்கள். ஒரு சிற்றாறு, அதிலிருந்து பிரிகிற வாய்க்கால்கள், பழத்தோட்டம், மிளகாய்க் கொல்லை, தள்ளித்தள்ளி மண் வீடுகள், நடுவில் 1816-ல் கட்டி முடித்த ஒரு கத்தோலிக்க மண் கோவில், அவ்வளவுதான். அந்த மண் கோவிலுக்குத்தான் வருஷத்துக்கு ஏறக்குறைய 3 லட்சம் பேர் வருகிறார்கள்.

முதலிலேயே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். சாண்டா ஃபே டூர் கம்பெனிகளில் பலர் இதை அரை மணி நேர நிறுத்தமாக வைத்திருக்கிறார்கள். இறங்கி, வாசலில் நின்று படம் எடுத்து, மிளகாய்ப்பொடி ஒரு பாக்கெட் வாங்கி, வண்டி ஏறிவிடலாம். அப்படிப் போவதற்குப் போகாமலே இருக்கலாம். அது இன்றைக்கும் நேர்ச்சை செலுத்த ஜனங்கள் நடந்து வருகிற தலம், நாம் நம் ஊர்க் கோவிலுக்கு எப்படிப் போவோமோ அப்படித்தான் அங்கேயும் போகவேண்டும். இந்துவா, முஸ்லிமா, கிறிஸ்தவரா என்று யாரும் கேட்பதில்லை. நுழைவுக் கட்டணமும் கிடையாது.

எப்போது போவது

செப்டம்பர் கடைசியும் அக்டோபரும்தான் என் கணக்கில் சிறந்த காலம். ஆற்றோர மரங்கள் எல்லாம் மஞ்சளாகிவிடும், வீட்டு வாசல்களில் சிவப்பு மிளகாயைச் சரம் சரமாகக் கோர்த்துத் தொங்கவிட்டிருப்பார்கள், பகலில் வெயில் இதமாக இருக்கும், ராத்திரி குளிரும். ஜூலை, ஆகஸ்டில் மதியத்துக்கு மேல் இடியோடு மழை வந்து போகும் என்பதால் காலையிலேயே போய்விடுவது நல்லது. டிசம்பர் முதல் பிப்ரவரி வரை பனி விழும், மலைப் பாதையில் ஓட்டிப் பழகாத பிள்ளைகள் ஸ்டீயரிங் பிடிக்கிறார்கள் என்றால் அந்த மாதங்கள் வேண்டாம்.

ஈஸ்டருக்கு முந்தின பரிசுத்த வாரம் வேறு கதை. பெரிய வெள்ளிக்கிழமைக்கு முன்னால் சாண்டா ஃபேயிலிருந்தும், சுமார் 90 மைல் தள்ளி இருக்கிற ஆல்புகர்க்கியிலிருந்தும்கூட ஜனங்கள் நெடுஞ்சாலை ஓரமாக நடந்தே வருகிறார்கள். தோளில் மரச்சிலுவை சுமந்து வருகிறவர்கள் உண்டு, கைக்குழந்தையைத் தள்ளுவண்டியில் வைத்துக்கொண்டு வருகிறவர்கள் உண்டு, ராத்திரி முழுக்க நடக்கிறவர்கள் உண்டு. பத்தாயிரக்கணக்கான பேர் வந்து சேருவார்கள். வழியில் முன்பின் தெரியாதவர்கள் தண்ணீரும் ஆரஞ்சும் கொடுத்துக்கொண்டே இருப்பார்கள். தைப்பூசம் சமயத்தில் எடப்பாடிக்காரர்கள் காவடியோடு பழனிக்கு நடக்கிறபோது வழியோரத்து ஊர்க்காரர்கள் மோர் ஊற்றுவதைப் பார்த்து வளர்ந்த நமக்கு அது ஒன்றும் புதிதாகத் தெரியாது, ஆனால் எல்லாரும் காரிலேயே திரிகிற ஒரு நாட்டில் அதைப் பார்க்கும்போது நெஞ்சு நிறைந்துவிடும். நடக்கத் தெம்பு இருந்தால் அந்த நாளில் போங்கள். கோவிலை நிதானமாகப் பார்க்கவேண்டும் என்றால் அந்த நாளில் போகாதீர்கள், வண்டி நிறுத்த இடம் கிடைக்காது, உள்ளே நுழையவே மணிக்கணக்கில் வரிசையில் நிற்கவேண்டும்.

இந்த நடைக்குப் பின்னால் ஒரு பெரிய துக்கமும் இருக்கிறது. இரண்டாம் உலகப் போரில் நியூ மெக்சிகோவிலிருந்து பிலிப்பைன்ஸுக்கு அனுப்பப்பட்ட பீரங்கிப் படையில் ஏறக்குறைய 1,800 பேர் இருந்தார்கள். 1942-ல் ஜப்பானியப் படையிடம் பிடிபட்டு, கைதிகளை நாள்கணக்கில் நடக்கவைத்த பட்டான் மரண நடையிலும் அதற்குப் பிறகு சிறைமுகாம்களிலும் அவர்களில் பாதிப்பேர் செத்துப்போனார்கள். உயிரோடு திரும்பினவர்கள் 1946-ல் நன்றி சொல்ல இந்தக் கோவிலுக்கு நடந்து வந்தார்கள், அவர்களோடு ஊர் ஜனமும் சேர்ந்து நடந்தது. இன்றைக்குப் பார்க்கிற பெரிய நடைக்கூட்டம் அதிலிருந்து வளர்ந்ததுதான்.

போகும் வழி

விமானம் என்றால் ஆல்புகர்க்கியில் இறங்கவேண்டும். டல்லாஸிலிருந்து இரண்டு மணி நேரத்துக்குள் வந்துவிடலாம். அங்கிருந்து சாண்டா ஃபே காரில் ஒரு மணி நேரம், ரயிலும் இருக்கிறது. காரிலேயே வருகிறவர்களுக்கு டென்வரிலிருந்து ஆறு மணி நேரம், ஃபீனிக்ஸிலிருந்து ஏழு எட்டு மணி நேரம், டல்லாஸ் என்றால் பத்து மணி நேரத்துக்குக் குறையாது, நடுவில் ஒரு ராத்திரி தங்கிக்கொள்ளுங்கள். எல் பாசோ பக்கமிருந்து வருகிறீர்கள் என்றால் நெடுஞ்சாலையில் எல்லைக் காவல் படையின் சோதனைச் சாவடி வரும், பாஸ்போர்ட்டை டிக்கியில் இருக்கிற பெட்டிக்குள் வைக்காமல் கையில் வைத்திருங்கள்.

சாண்டா ஃபேயிலிருந்து சிமயோ 28 மைல், முக்கால் மணி நேரம் என்று வைத்துக்கொள்ளலாம். 84/285 எண் நெடுஞ்சாலையில் வடக்கே போய், போவாக்கி வந்ததும் வலதுபுறம் 503-ஆம் எண் சாலையில் திரும்பவேண்டும். பெட்ரோல் போடுவது, கழிப்பறை போவது எல்லாவற்றையும் போவாக்கியிலேயே முடித்துவிடுங்கள். அதற்கப்புறம் சாலை நம்பே பழங்குடி மக்களின் நிலத்து வழியாகப் போகிறது. இருபக்கமும் ஆள் இல்லாத மண் குன்றாகத்தான் தெரியும், அதற்காக வண்டியை நிறுத்திவிட்டு இஷ்டத்துக்கு இறங்கி ஏறக்கூடாது, அது அவர்களுடைய இடம். பிறகு இடதுபுறம் ஹுவான் மெதினா சாலை என்று ஒன்று பிரியும், அதில் இறங்கினால் பள்ளத்தாக்கு முழுவதும் கீழே விரிந்து தெரியும், நேராகக் கோவிலுக்கே கொண்டுபோய் விடும். எஸ்பன்யோலா ஊர் வழியாக 76-ஆம் எண் சாலையிலும் வரலாம், அது கொஞ்சம் அகலமான பாதை, ஆனால் முதல்முறை போகிறவர்கள் 503 வழியாகவே போங்கள். ஏற்காட்டின் 20 கொண்டை ஊசி வளைவுகளில் போய்வந்தவர்களுக்கு இந்த வளைவெல்லாம் ஒன்றுமே இல்லை.

உயரத்தை மட்டும் சாதாரணமாக எடுத்துக்கொள்ளாதீர்கள். நம் சேர்வராயன் கோவில் இருக்கிற உச்சியே 5,326 அடிதான். சிமயோ பள்ளத்தாக்கு என்று பெயரே தவிர 6,000 அடியில் இருக்கிறது, சாண்டா ஃபே 7,000 அடி. ஏற்காட்டு ஈரக்காற்று அங்கே கிடையாது, காய்ந்த காற்று, வியர்வை தெரியாமலே உடம்பில் தண்ணீர் வற்றிவிடும். முதல் நாள் தலை லேசாக வலிக்கும், படி ஏறினால் மூச்சு வாங்கும். ஆகவே வந்து இறங்கிய அன்றைக்கே சிமயோ கிளம்பாமல் சாண்டா ஃபேயில் ஒரு ராத்திரி தூங்கி எழுந்து போங்கள், தண்ணீர் பாட்டில் கையிலேயே இருக்கட்டும், பிரஷர் மாத்திரை சாப்பிடுகிறவர்கள் ஒரு வேளையும் தவறவிடாதீர்கள். தொப்பி அவசியம்.

கோவிலுக்குள்

காலை ஒன்பது ஒன்பதரைக்கு அங்கே இருக்கிற மாதிரி போய்விட்டால் டூர் வண்டிகள் வருவதற்குள் ஒரு மணி நேரம் அமைதியாகக் கிடைக்கும். திறந்திருக்கும் நேரமும் பூசை நேரமும் பருவத்துக்கு ஏற்ப மாறும், கிளம்புமுன் கோவிலின் இணையதளத்தில் ஒருமுறை பார்த்துவிடுங்கள். வண்டியைக் கீழே நிறுத்துமிடத்தில் விட்டுவிட்டு, கைப்பை, பாஸ்போர்ட் எதையும் கண்ணில் படும்படி வைக்காமல் பூட்டிவிட்டு வாருங்கள்.

உடனே உள்ளே போகவேண்டாம், முதலில் வெளியே நின்று சுவரைப் பாருங்கள். முற்றத்தைச் சுற்றி மதில், வளைவு வாசல், இரண்டு பக்கமும் சின்ன மணிக்கூண்டுகள். மேலே இருக்கிற சரிவான தகரக் கூரை பின்னால் போட்டது, முதலில் இருந்தது தட்டையான மண் கூரைதான். சுவர் மூன்றடி தடிமன். உள்ளே ஒரு கல்லும் சுட்ட செங்கல்லும் கிடையாது, களிமண், மணல், வைக்கோல், தண்ணீர் நான்கையும் மிதித்துக் குழைத்து, மரச்சட்டத்தில் ஊற்றி, வெயிலில் காயவைத்த பச்சைக்கல்தான். அதை அங்கே அடோபி என்கிறார்கள். ஒரு கல் பதினைந்து கிலோ வரை இருக்கும். அந்தப் பக்கத்தில் மரபாகச் சுவருக்கு மண் பூசியது பெண்கள், உள்ளங்கையால் தேய்த்துத்தான் பூசுவார்கள், கரணை எல்லாம் பிறகு வந்தது. சேர்வராயன் மலையில் மலையாளிப் பழங்குடி மக்களின் பழைய மண்சுவர் வீடுகளைப் பார்த்தவர்களுக்கு, வாசல் மெழுகி வளர்ந்தவர்களுக்கு, இந்தச் சுவர் பக்கத்தில் நிற்கும்போது ஏதோ தெரிந்த வீட்டுக்கு வந்துவிட்ட மாதிரி இருக்கும். தொட்டுப் பார்க்கலாம், சுரண்டக் கூடாது. குழந்தைகளைச் சுவர்மேல் ஏறவிடாதீர்கள்.

உள்ளே போனதும் கண் பழகக் கொஞ்சம் நேரம் ஆகும், வெளியே அவ்வளவு வெளிச்சம். ஆண்கள் தொப்பியைக் கழற்றவேண்டும். செருப்பைக் கழற்றவேண்டியதில்லை, யாரும் கழற்ற மாட்டார்கள், நமக்குத்தான் கால் கூசும். உள்ளே படம் எடுக்க அனுமதி இல்லை, வெளியிலேயே போனைப் பையில் போட்டுவிடுங்கள். மர உத்தரங்கள் தாங்கிய கூரை, சாந்து பூசிய சுவர், இரண்டு பக்கமும் நேர் எதிரேயும் வண்ணம் தீட்டிய பலகைப் பீடங்கள். அவற்றை வரைந்தவர்கள் உள்ளூர்க் கைவினைஞர்கள், புனிதர்களின் முகங்கள் எல்லாம் நேராக நம்மைப் பார்க்கிற மாதிரி, கோடும் நிறமும் அழுத்தமாக இருக்கும். நடுப்பீடத்தில் இருக்கிற பாடுபட்ட சுரூபம், அதாவது சிலுவையில் அறைந்த இயேசுவின் உருவம்தான் இந்தக் கோவிலுக்கே மூலம்.

அதன் கதை இது. 1810 வாக்கில் ஒரு பெரிய வெள்ளி ராத்திரி பெர்னார்டோ அபெய்தா என்பவர் ஆற்றங்கரைச் சரிவில் தரையிலிருந்து வெளிச்சம் வருவதைப் பார்த்தாராம், கையால் தோண்டினால் இந்தச் சுரூபம் கிடைத்ததாம். பக்கத்து ஊரான சாண்டா குரூஸ் பெரிய கோவிலுக்கு ஊர்வலமாக எடுத்துப்போய் வைத்தார்கள், மறுநாள் அது பழையபடி அந்தக் குழியிலேயே இருந்தது. மூன்று முறை அப்படி நடந்த பிறகு, சரி, அது இங்கேயேதான் இருக்க விரும்புகிறது என்று அந்த இடத்திலேயே கோவில் எழுப்பினார்கள். சுயம்பு மூர்த்தி கதைகளைக் கேட்டு வளர்ந்த நமக்கு இதை யாரும் விளக்கிச் சொல்லவேண்டியதில்லை. குவாத்தமாலா நாட்டில் எஸ்கிபுலாஸ் என்ற ஊரில் கருப்பு இயேசுவின் சுரூபம் இருக்கிறது, அங்கேயும் மண்ணுக்குக் குணமாக்கும் சக்தி உண்டு என்கிற நம்பிக்கை இருக்கிறது. அந்த எஸ்கிபுலாஸ் ஆண்டவர் பெயரில்தான் அபெய்தாவும் இந்தக் கோவிலைக் கட்டினார். அதற்கு முன்பே அங்கே வாழ்ந்த தேவா பழங்குடிகளுக்கும் இந்த இடத்து மண் புனிதமாக இருந்தது என்கிறார்கள்.

ரொம்ப காலம் இது அபெய்தா குடும்பத்துச் சொந்தக் கோவிலாகவே இருந்தது. பணமுடையில் சாமான்களை விற்கிற நிலை வந்தபோது, சாண்டா ஃபேயில் இருந்த ஓவியர்களும் எழுத்தாளர்களும் அலைந்து திரிந்து, பெயர் சொல்ல விரும்பாத ஒருவர் கொடுத்த 6,000 டாலரில் 1929-ல் கோவிலை வாங்கி, சாண்டா ஃபே உயர் மறைமாவட்டத்திடம் ஒப்படைத்தார்கள். கோவிலைத் தனியாருக்கு விட்டுவிடாமல் காப்பாற்றியவர்களில் பலர் அந்த ஊர்க்காரர்களே இல்லை என்பதை நினைத்துப் பாருங்கள்.

பூசை நடக்கும்போது போனால் கடைசி பெஞ்சில் உட்கார்ந்து பார்க்கலாம், யாரும் ஒன்றும் சொல்ல மாட்டார்கள். ஆனால் நற்கருணை அப்பம் வாங்க வரிசையாக எழுந்து போகும்போது, கத்தோலிக்கர் அல்லாதவர்கள் பிரசாதம் என்று நினைத்துக்கொண்டு கூடவே போய் நிற்காதீர்கள். உட்கார்ந்த இடத்திலேயே இருங்கள். அது மரியாதைக்குறைவு ஆகாது.

அந்த மண்

பீடத்துக்கு இடதுபக்கம் ஒரு சின்ன வாசல். குனிந்து போனால் நீளமான ஓர் அறை. அங்கே சுவரோரம் ஊன்றுகோல்கள் வரிசையாக மாட்டியிருக்கும், நடக்க முடியாமல் வந்தவர்கள் விட்டுப்போனவை. புகைப்படங்கள், பட்டாளத்துக்குப் போன பிள்ளைகளின் படங்கள், ஆஸ்பத்திரி கைப்பட்டைகள், ஜெபமாலைகள், கையால் எழுதிய நன்றிக் கடிதங்கள். படித்துக்கொண்டே வந்தால் நகரவே முடியாது. இதிலிருந்து இன்னும் சின்னதாக ஓர் அறை, தலை இடிக்காமல் பார்த்துப் போகவேண்டும். அதன் தரையில் வட்டமாக ஒரு குழி, ஒரு அண்டா வாய் அளவுதான் இருக்கும், அதில் நைஸான, வெளிர் பழுப்பு மண். அதற்காகத்தான் இவ்வளவு பேரும் வருகிறார்கள்.

நான் போன அன்றைக்கு எனக்கு முன்னால் ஒரு வயதான அம்மா, பேரன் தோளைப் பிடித்துக்கொண்டு மெதுவாக மண்டியிட்டு, மண்ணை எடுத்து முதலில் இரண்டு முழங்காலிலும் தேய்த்துக்கொண்டார். பிறகு இன்னொரு சிட்டிகை எடுத்துக் கைக்குட்டையில் முடிந்தார், வீட்டில் யாருக்கோ. எழுந்திருக்க இரண்டு பேர் பிடிக்கவேண்டியிருந்தது. பின்னால் அவ்வளவு பேர் நின்றோம், ஒருவர்கூட அவசரப்படுத்தவில்லை. ஓரியூரில் அருளானந்தர் ரத்தம் சிந்திய சிவப்பு மண்ணை நம் ஜனங்கள் முடிந்து எடுத்துவருவதும் இதே கைவாகில்தான்.

இங்கே சில விஷயங்களைத் தெளிவாகச் சொல்லவேண்டும். குழி தானாக நிரம்புகிறது என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள், கோவிலில் இருப்பவர்களே அப்படிச் சொல்வதில்லை. பக்கத்துக் குன்றிலிருந்து மண் கொண்டுவந்து, மந்திரித்து, நிரப்புகிறார்கள். மண்ணைத் தின்னக் கூடாது, தண்ணீரில் கரைத்துக் குடிக்கக் கூடாது, பூசிக்கொள்வதோடு சரி. குணமானதாகச் சொல்லப்படுகிறவற்றைத் திருச்சபை விசாரித்துச் சான்று கொடுத்ததும் இல்லை. மாத்திரையை நிறுத்திவிட்டு மண்ணை நம்பி இருக்கச் சொல்லி அங்கே யாரும் சொல்வதில்லை, நாமும் அப்படிச் செய்யவேண்டாம்.

எடுப்பதாக இருந்தால் ஒரு சின்னக் கரண்டி அளவு எடுங்கள். அதைச் சேலத்துக்குக் கொண்டுவர ஆசையாக இருக்கும், கொண்டுவரக் கூடாது. வெளிநாட்டு மண்ணை அனுமதி இல்லாமல் இந்தியாவுக்குள் கொண்டுவருவதை நம் தாவரப் பாதுகாப்புச் சட்டம் தடுக்கிறது, மண்ணோடு பூச்சியும் நோயும் வரும் என்பதுதான் காரணம், அது நியாயமான காரணம். மிளகாய் விதைக்கும் அதே விதிதான். மண்ணைப் பிள்ளைகள் வீட்டில் பூஜை அறையில் வைத்துவிட்டு வாருங்கள்.

கோவிலிலிருந்து வெளியே வந்து நாலைந்து நிமிஷம் நடந்தால் குழந்தை இயேசுவுக்கு ஒரு தனிச் சிற்றாலயம், 1857 வாக்கில் கட்டியது. நம் சேலம் பேராலயமே குழந்தை இயேசு பெயரில்தானே இருக்கிறது, நாலு ரோடு வழியாகப் போகிறவர்களுக்கு அந்தப் பெயர் தெரியும். இங்கே இருப்பவர் கையில் கோலும் கூடையும் வைத்துக்கொண்டு யாத்ரீகர் வேஷத்தில் உட்கார்ந்திருக்கிற குழந்தை. ராத்திரியில் எழுந்து பள்ளத்தாக்கெல்லாம் நடந்து கஷ்டப்படுகிறவர்களுக்கு உதவுகிறார், அதனால் செருப்பு தேய்ந்துபோகிறது என்று நம்பிக்கை. ஆகவே ஜனங்கள் குழந்தைகளின் புதுச் செருப்பு, ஷூ கொண்டுவந்து வைக்கிறார்கள், அறை முழுக்கக் குட்டிக்குட்டி ஷூக்கள். பேரப்பிள்ளைகளோடு போகிறவர்கள் ஒரு ஜோடி வாங்கிப்போங்கள், குழந்தை தன் கையாலேயே வைக்கட்டும்.

சாப்பாடும் தறியும்

சைவம் சாப்பிடுகிறவர்கள் கேட்டுக் கேட்டுத்தான் சாப்பிடவேண்டும். சிவப்பு மிளகாய்க் குழம்பில் பன்றிக்கறி போட்டிருப்பது சாதாரணம், பீன்ஸைக்கூடப் பன்றிக் கொழுப்பில் தாளித்திருக்கலாம். "கறி, கொழுப்பு எதுவும் இல்லாமல்" என்று இரண்டையும் தனித்தனியாகச் சொல்லிக் கேளுங்கள். ரேஞ்சோ தெ சிமயோ என்று 1965 முதல் நடக்கிற உணவகம் பழைய மண் வீட்டிலேயே இருக்கிறது, சாப்பாட்டோடு சோபபீயா கொடுப்பார்கள், நம் பூரி மாதிரி உப்பிவரும், உள்ளே தேன் ஊற்றிச் சாப்பிடவேண்டும். சிவப்பா பச்சையா என்று கேட்டால் மிளகாயைத்தான் கேட்கிறார்கள். காரம் நம் நாக்குக்குப் பெரிதாகத் தெரியாது, வாசனைதான் விசேஷம். சிமயோ மிளகாய் அந்தப் பள்ளத்தாக்குக்கே உரிய நாட்டு ரகம், விளைச்சல் குறைவு, ஆகவே விலையும் அதிகம். மலிவாகக் கிடைத்தால் அது வேறு ஊர் மிளகாயாகத்தான் இருக்கும்.

சேலத்துக்காரர்கள் கட்டாயம் பார்க்கவேண்டியது தறி. அம்மாப்பேட்டை, பொன்னம்மாப்பேட்டையில் தறிச் சத்தத்தோடு வளர்ந்தவர்கள் இந்த ஊரை எளிதில் தாண்டிப் போய்விட முடியாது. தலைமுறை தலைமுறையாகக் கம்பளி நெய்கிற குடும்பங்கள் இங்கே இருக்கின்றன, ஒர்தேகா குடும்பத்தில் எட்டாவது தலைமுறை என்கிறார்கள். நம் குழித்தறியில் உட்கார்ந்து காலைக் குழிக்குள் விட்டு நெய்வோம், அவர்கள் தறியில் நின்றபடி, மிதிகள்மேல் மாறிமாறிக் காலை வைத்து, ஏறக்குறைய நடந்துகொண்டே நெய்கிறார்கள். குறுக்கே போகிற ஊடை நூல், நெடுக்கே இருக்கிற பாவு நூலை முழுக்க மூடிவிடும்படி நெருக்கி அடிக்கிறார்கள், அதனால் கம்பளத்தில் பாவு நூல் கண்ணுக்கே தெரியாது. நடுவில் வைர வடிவம், இருபக்கமும் கோடுகள், இதுதான் சிமயோ பாணி. தறிக்காரர் வேலை செய்துகொண்டிருந்தால் அனுமதி கேட்டுவிட்டுப் பக்கத்தில் போய் நில்லுங்கள், நீங்கள் நெசவு ஊர் என்று சொல்லிப் பாருங்கள், பேச்சு தானாக வரும். நெய்து முடித்த விளிம்பைத் தடவிப் பாருங்கள், ஒரு இழைகூடப் பிசகியிருக்காது. விலையில் பேரம் பேசாதீர்கள். ஒரு வெண்பட்டு வேட்டிக்கு எத்தனை நாள் உழைப்பு என்று தெரிந்த ஊர்க்காரர்கள் நாம்.

ஊருக்குள் நடக்கும்போது வாய்க்காலில் கால் வைக்காதீர்கள், குப்பை போடாதீர்கள். அந்த வாய்க்கால்களை ஊரே சேர்ந்து வசந்த காலத்தில் தூர்வாருகிறது, தண்ணீர் முறை வைத்துப் பிரித்துவிட ஒருவரைத் தேர்ந்தெடுத்து வைத்திருக்கிறார்கள். நம் குடிமராமத்து பழையபடி அங்கே நடந்துகொண்டிருக்கிறது.

மதியத்துக்கு மேல்

ஒரு மணிக்குள் சாப்பிட்டுக் கிளம்ப முடிந்தால் வந்த வழியே திரும்பாமல் 76-ஆம் எண் சாலையில் மேலே ஏறுங்கள். மரச்சிற்பத்துக்குப் பேர்போன கோர்டோவா, அப்புறம் 8,000 அடி உயரத்தில் ட்ரூச்சாஸ், அதைத் தாண்டி லாஸ் ட்ராம்பாஸ். அங்கே 1760-ல் தொடங்கிய இன்னொரு மண் கோவில் இருக்கிறது, பூட்டியிருந்தாலும் வெளியிலிருந்து பார்க்கவே போகலாம். கடைசியில் தாவோஸ் பக்கத்தில் ரேஞ்சோஸ் தெ தாவோஸ் என்ற ஊரின் புனித பிரான்சிஸ் கோவில். அதன் பின்புறச் சுவர்தான் பேர்போனது, ஜன்னலே இல்லாமல் மலைபோலப் பெருத்து நிற்கும். அந்தக் கோவிலுக்கு 1967-ல் வேலை மிச்சம் என்று சிமென்ட் பூசினார்கள். விரிசல் வழியாக உள்ளே போன தண்ணீர் வெளியே வர வழியில்லாமல் பச்சைக்கல்லையே கரைக்க ஆரம்பித்துவிட்டது. 1979-ல் சிமென்ட் முழுவதையும் உடைத்து எடுத்துவிட்டு மறுபடி மண்ணுக்கே திரும்பினார்கள். இப்போது கோடையில் அந்தக் கோவிலைச் சேர்ந்த பங்கு மக்கள் எல்லாரும் கூடி, சின்னப் பிள்ளைகள்கூட வைக்கோல் கலந்து கொடுக்க, புதிதாக மண் பூசுகிறார்கள். நம் பக்கத்தில் பாட்டன் காலத்து மண்சுவருக்குச் சிமென்ட் பூசிவிட்டு, பிறகு சுவர் ஏன் ஊறி உதிர்கிறது என்று கேட்கிறவர்கள் அந்தச் சுவர் பக்கத்தில் ஒரு ஐந்து நிமிஷம் நின்றுவிட்டு வரவேண்டும்.

இந்த மேல்பாதையில் போன் சிக்னல் பல இடங்களில் இருக்காது, வரைபடத்தை முன்னாலேயே இறக்கிவைத்துக்கொள்ளுங்கள். இருட்டின பிறகு மான்கள் சாலைக்கு வரும் என்பதால் தாவோஸிலிருந்து திரும்பும்போது ரியோ கிராண்டே ஆற்றை ஒட்டிய கீழ்ப்பாதையைப் பிடியுங்கள். அதில் எஸ்பன்யோலா வந்து, சாண்டா ஃபேயில் ராத்திரிச் சாப்பாட்டுக்குப் போய்ச் சேர்ந்துவிடலாம், அங்கே சீக்கிரமே கடை சாத்திவிடுவார்கள், எட்டரைக்குள் போய்விடுங்கள்.